உடல்வாகுக்கேற்ற ஆடை: ஆண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உடல்வாகு பார்த்து உடுத்துவது என்றால் குறைகளை மறைப்பதா?

இல்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் பொருந்தாத ஆடையோடு திரும்புகிறார்கள். வயிறு உள்ளவர் இரண்டு அளவு பெரிய சட்டையை எடுக்கிறார். ஒல்லியானவரும் அதையேதான் செய்கிறார். குள்ளமானவர் நீளமான பேன்ட்டை வாங்கிக் கணுக்காலில் துணி குவிய நடக்கிறார். மூவருக்கும் ஆடை எதையும் மறைப்பதில்லை. இருப்பதைப் பெரிதாக்கித்தான் காட்டுகிறது.

ஆடை உடம்பில் இரண்டே இடங்களில்தான் தங்குகிறது. மேலே தோள், கீழே இடுப்பு. இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் எந்த உடம்பும் ஒழுங்கான கோடுகளோடு தெரியும். நிறம், கோடு, கட்டம், காலர் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த நம்பிக்கையிலிருந்து எழுதப்பட்டவை.

தோள் சரியாக அமைந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோளின் வெளி ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினால் ஒரு எலும்பு முனை தட்டுப்படும். சட்டையில் கையை உடலோடு இணைக்கும் தையல் அந்த முனையின் மேல் உட்கார வேண்டும். புஜத்தில் இறங்கி நின்றால் சட்டை பெரிது. கழுத்துப் பக்கம் ஏறி நின்றால் சிறிது. அப்போது கையைத் தூக்கும்போதெல்லாம் மொத்தச் சட்டையும் மேலே ஏறும். தோளை இறக்கி வைத்தே தைக்கப்படும் தளர்வான டி-ஷர்ட்டுகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

கோட்டுக்கு இது இன்னும் முக்கியம். சட்டையின் பக்கத் தையலைப் பிடிப்பது தையற்காரருக்குச் சிறிய வேலை. கோட்டின் தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையைப் பிரித்து, உள்ளே தோளுக்கு வைத்திருக்கும் மெத்தையையும் (பேட்) எடுத்து மறுபடி கட்ட வேண்டும். செலவும் அதிகம், முடிவும் நிச்சயமில்லை. தோள் பொருந்தாத கோட்டை எவ்வளவு பிடித்திருந்தாலும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

என் உடல்வாகு எது என்று எப்படிக் கண்டறிவது?

எக்டோமார்ஃப், மெசோமார்ஃப், எண்டோமார்ஃப் என்ற மூன்று பெயர்களை எங்காவது படித்திருப்பீர்கள். உடலை ஒல்லி, தசைக்கட்டு, பருமன் என்று பிரித்து 1940-களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் செய்த பிரிவு அது. உடலமைப்பை வைத்து மனிதனின் குணத்தையும் சொல்லிவிடலாம் என்று அவர் கருதினார். அந்தக் கருத்து பின்னாளில் கைவிடப்பட்டது. ஆடைக்கு அந்தப் பெயர்கள் பெரிதாக உதவாது. ஓர் அளவு நாடாவும் உடல் முழுவதும் தெரியும் கண்ணாடியும் போதும்.

நான்கு அளவுகளை எடுங்கள். ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை முதுகுப்பக்க அகலம். அக்குளுக்குக் கீழே மார்புச் சுற்றளவு. தொப்புளை ஒட்டி வயிற்றுச் சுற்றளவு. பின்புறம் மிகவும் அகலமாக உள்ள இடத்தில் சீட் அளவு. மூச்சை இழுத்துப் பிடிக்காமல், வழக்கமாக நிற்பது போல நின்றுகொண்டு எடுக்க வேண்டும்.

இவற்றில் அதிகம் பேசுவது மார்புக்கும் இடுப்புக்கும் (மேலே எடுத்த வயிற்றுச் சுற்றளவுக்கும்) உள்ள வித்தியாசம்தான். ஆயத்த சூட்டுகள் பெரும்பாலும் 6 அங்குல வித்தியாசத்தைக் கணக்கில் வைத்துத் தைக்கப்படுகின்றன. அதாவது 40 அங்குல மார்புள்ள கோட்டோடு 34 அங்குல இடுப்புள்ள பேன்ட் வரும். உங்கள் வித்தியாசம் 9 அல்லது 10 என்றால் மேலே அகன்று கீழே ஒடுங்கும் உடல். 2 அல்லது 3 என்றால் மேலிருந்து கீழ்வரை ஏறத்தாழ நேரான உடல். வயிறு மார்பைவிடப் பெரிதாக இருந்தால் நடுப்பகுதி அகன்ற உடல். பலருக்கும் இவற்றில் இரண்டு கலந்திருக்கும். அதனால் பெயரைவிட எண்களையே நம்புங்கள்.

வயிறு முன்தள்ளி இருக்கிறது. என்ன அணிவது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான்.

பேன்ட்டிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலானவர்கள் பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். அப்போது பெல்ட்டுக்கு மேல் வயிறு வழிந்து நிற்கும்; பேன்ட்டின் பின்பக்கம் தளர்ந்து தொங்கும்; கால்கள் குட்டையாகத் தெரியும். மாற்றாக, கால்கள் பிரியும் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம் கூடுதலான பேன்ட்டைத் தேடுங்கள். இந்த உயரத்தை ரைஸ் என்பார்கள். முன்பக்க ரைஸ் 11 அங்குலத்துக்கு மேல் உள்ள பேன்ட் தொப்புளுக்குச் சற்றுக் கீழே வந்து உட்காரும். வயிறு பட்டிக்கு மேலே வழியாமல் துணிக்கு உள்ளே அமையும். முன்பக்கம் ஒரே கோடாக இறங்கும். முதல் முறை போடும்போது மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும்.

பட்டிக்குக் கீழே இரண்டு பிளீட், அதாவது முன்பக்க மடிப்பு, இருப்பது நல்லது. பிளீட் வயிற்றைப் பெரிதாகக் காட்டும் என்ற பயம் பலருக்கு உண்டு. பேன்ட் இறுக்கமாக இருந்தால்தான் பிளீட் விரிந்து அப்படிக் காட்டும். சரியான அளவில் அது மூடியே இருக்கும். உட்காரும்போது மட்டும் விரிந்து இடம் கொடுக்கும். பெல்ட் நழுவிக்கொண்டே இருக்கிறது என்பவர்கள் தோளில் மாட்டும் சஸ்பெண்டரை முயன்று பாருங்கள். பேன்ட்டின் எடையைத் தோள் தாங்கும். இடுப்பை இறுக்க வேண்டிய அவசியமே வராது.

அடுத்தது சட்டை. தோளுக்குப் பொருந்தும் அளவில் வயிற்றுப் பொத்தான்கள் இழுபடுகின்றன. வயிற்றுக்குப் பொருந்தும் அளவில் தோள் இறங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்லிம் ஃபிட் வேண்டாம். அதே எண்ணில் ரெகுலர் அல்லது கம்ஃபர்ட் ஃபிட் எடுங்கள். தோள் அளவு பெரிதாக மாறாமல் நடுப்பகுதி மட்டும் தளர்வாக வரும். அதிலும் சரியாகவில்லை என்றால் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வதே வழி. வயிற்றுச் சுற்றளவைவிடச் சட்டை 4 முதல் 5 அங்குலம் கூடுதலாக இருந்தால் உட்காரும்போதும் பொத்தான் பிளக்காது.

துணி உடம்பில் ஒட்டக்கூடாது. மெல்லிய, வழுவழுப்பான பின்னல் துணி வயிற்றின் ஒவ்வொரு வளைவையும் வரைந்து காட்டும். சற்று விறைப்பான பருத்தி, ஆக்ஸ்ஃபோர்ட் துணி, கனமான லினன் ஆகியவை தங்கள் வடிவத்தில் தாங்களே நிற்கும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டி-ஷர்ட்டும் ஜாக்கெட்டும் வேண்டாம். பொத்தான் போடாத ஒரு மேல்சட்டையையோ கோட்டையோ அணிந்தால் அதன் இரண்டு முன்விளிம்புகளும் உடலின் நடுவில் இரண்டு செங்குத்துக் கோடுகளாக இறங்கும். பார்வை அந்தக் கோடுகளோடு மேலும் கீழுமாகப் போகும்.

நான் மிகவும் ஒல்லி. எது போட்டாலும் தொங்குகிறது.

இறுகப் பிடிக்கும் ஆடையும் உங்களுக்கு வேண்டாம், தொளதொளவென்று தொங்குவதும் வேண்டாம். தோலோடு ஒட்டும் ஜீன்ஸ் கால்களின் மெலிவை அப்படியே எடுத்துக்காட்டும். காலணி பெரிதாகத் தெரியும். தொடையிலிருந்து நேராக இறங்கி முழங்காலுக்குக் கீழே சற்றே ஒடுங்கும் பேன்ட் நன்றாக இருக்கும்.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி அடுக்கி அணிவது. டி-ஷர்ட்டுக்கு மேல் பொத்தான் திறந்த சட்டை, குளிர்காலத்தில் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட். ஒவ்வொரு அடுக்கும் மார்புக்கும் தோளுக்கும் சிறிது கனம் தரும். வெயில் காலத்தில் இது முடியாது. அப்போது துணியின் முகம் அந்த வேலையைச் செய்யட்டும். கார்டுராய், டெனிம், புடைப்பான நெசவு, மார்பில் பை வைத்த சட்டை ஆகியவை ஒளியையும் நிழலையும் பிரித்துக் காட்டி உடலுக்குப் பருமன் சேர்க்கும். டி-ஷர்ட் வாங்கும்போது துணியின் எடையைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் உள்ளது தோளிலிருந்து விறைப்பாக இறங்கும். 140 கிராம் துணி எலும்பைக் காட்டும். கழுத்து வட்டமாக இருப்பது நல்லது. ஆழமான வி-கழுத்து கழுத்தெலும்பை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும்.

அரைக்கைச் சட்டையில் கை விளிம்பு புஜத்தைச் சுற்றி விரிந்து நிற்கிறதா? உள்பக்கத் தையலைப் பிடித்து அரை அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள். மிகச் சிறிய வேலை. பலன் உடனே தெரியும்.

உயரம் குறைவு. உயரமாகத் தெரிய வழி உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. பார்வை தலையிலிருந்து கால்வரை தடைபடாமல் ஓடினால் உடல் நீளமாகத் தெரியும். எங்கெல்லாம் நிறம் சட்டென்று மாறுகிறதோ அங்கெல்லாம் பார்வை நின்றுவிடும். வெள்ளைச் சட்டை, அகலமான கறுப்பு பெல்ட், வெளிர் பேன்ட், கறுப்புக் காலணி என்று போனால் உடல் நான்கு துண்டுகளாகிவிடும். கருநீலப் பேன்ட்டோடு நடுத்தர நீலச் சட்டை, பேன்ட்டின் நிறத்துக்கு நெருக்கமான காலணி என்று வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணாடியிலேயே தெரியும்.

நிறத்தைவிட முக்கியமானது நீளம். வெளியே விட்டு அணியும் சட்டை பேன்ட்டின் ஜிப் பகுதியின் நடுவில் முடிய வேண்டும். அதற்குக் கீழே போகும் ஒவ்வோர் அங்குலமும் உங்கள் காலிலிருந்து பறிக்கப்படுகிறது. கடைகளில் கிடைக்கும் சட்டைகளின் நீளம் சராசரி உயரத்துக்கானது. ஆகவே கீழ் விளிம்பை வெட்டித் தைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். பேன்ட் காலணியை மெல்லத் தொட்டு நிற்கட்டும். மடிந்து குவியக் கூடாது. ரைஸ் சற்றே உயர்ந்த பேன்ட் இங்கும் உதவும், ஏனென்றால் கால் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்ப்பவர் கண் இடுப்புப் பட்டியை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

கோட்டின் நீளம் பின்புறத்தை மூடினால் போதும். சட்டையின் கஃப் (கை முனையில் உள்ள பட்டி) கோட்டின் கைக்கு வெளியே கால் முதல் அரை அங்குலம் தெரியட்டும். விரல்வரை இறங்கிய கோட்டுக் கை ஒரு மனிதனை அவன் இருப்பதைவிடச் சிறியவனாக்கிவிடும்.

நான் மிக உயரம். எனக்கும் ஏதாவது உண்டா?

மேலே சொன்னதைத் திருப்பிக்கொள்ளுங்கள். சட்டைக்கும் பேன்ட்டுக்கும் நிற வேறுபாடு, அகலமான பெல்ட், பெரிய கட்டங்கள் எல்லாம் உங்களுக்கு அழகு. கவனிக்க வேண்டியது கை நீளமும் சட்டை நீளமும்தான். கையை நீட்டும்போது கஃப் மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஏறினால் சட்டை உங்களுடையது அல்ல. பெரிய எண் எடுத்தால் நீளம் வருவதைவிட அகலம்தான் அதிகமாக வரும். உயரமானவர்களுக்கென்று தனி நீளத்தில் வருபவற்றைத் தேடுங்கள், அல்லது தைத்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி செய்து தோள் அகன்றிருக்கிறது, இடுப்பு ஒடுங்கியிருக்கிறது. சட்டை இடுப்பில் காற்றடைத்தது போல உப்புகிறதே?

தோளுக்கும் மார்புக்கும் பொருந்தும் சட்டையை எடுத்து, முதுகில் இரண்டு டார்ட் போடச் சொல்லுங்கள். தோள்பட்டைக்குக் கீழிருந்து இடுப்பு வரை நீளும் அந்த இரண்டு தையல்களும் 3 அங்குலம்வரை தளர்வை எடுத்துவிடும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பேன்ட்டையும் இதே முறையில் வாங்குங்கள். தொடைக்கும் சீட்டுக்கும் சரியானதை எடுத்து இடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2 அங்குலத்துக்கு மேல் குறைத்தால் பின் பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2 சதவீதம் எலாஸ்டேன் (நீண்டு சுருங்கும் இழை) கலந்த துணி தொடைக்கு நல்ல சுதந்திரம் தரும்.

உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டையை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். உழைத்து உருவாக்கிய உடல், சற்றுத் தளர்வான துணிக்குள்ளும் நன்றாகவே தெரியும்.

படுக்கைக் கோடு குண்டாகக் காட்டும், செங்குத்துக் கோடு ஒல்லியாகக் காட்டும் என்பது உண்மையா?

எல்லோரும் சொல்வது இது. ஆனால் அறிவியல் வேறு மாதிரி பேசுகிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே இதற்கு மாறான ஒன்றைக் கவனித்தார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் ஒன்றைப் படுக்கைக் கோடுகளாலும் மற்றொன்றைச் செங்குத்துக் கோடுகளாலும் நிரப்பினால், படுக்கைக் கோடுள்ள சதுரமே உயரமாகவும் ஒடுங்கியும் தெரியும். 2011-இல் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாம்சன், மிக்கெலிடு ஆகிய இருவரும் இதை ஆடை அணிந்த பெண் உருவப் படங்களில் சோதித்தபோதும், படுக்கைக் கோடு பருமனாகக் காட்டவில்லை. 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்த சோதனையில், ஒல்லியான உருவத்துக்கு இந்த விளைவு தெளிவாக இருந்தது; பருமனான உருவத்துக்கு அப்படி இல்லை.

படத்தில் உள்ள கோடு நேராக இருக்கும். உடம்பின் மேல் துணி வளையும். அதோடு கோடும் வளையும். வயிறு உள்ளவர் அகலமான படுக்கைக் கோட்டுச் சட்டையை இறுக்கமாக அணிந்தால், அந்த வளைவே வயிற்றின் வடிவத்தைச் சொல்லிவிடும். செங்குத்துக் கோடும் இறுக்கத்தில் விரிந்து வளையத்தான் செய்யும். எனவே என் பரிந்துரை: கோட்டின் திசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெல்லிய, நெருக்கமான, ஒன்றுக்கொன்று நிறம் அதிகம் வேறுபடாத கோடுகளைத் தளர்வான அளவில் எடுத்தால் எந்தத் திசையும் யாருக்கும் பொருந்தும்.

கறுப்பு ஒல்லியாகக் காட்டுமா?

வெளிச்சமான வடிவம் அதே அளவுள்ள இருண்ட வடிவத்தைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். கலிலியோ காலத்திலிருந்தே அறியப்பட்ட கண்மயக்கு இது. கறுப்பில் துணியின் மடிப்பும் நிழலும் தெரியாது என்பதும் உதவி. ஆனால் வெளிச்சமான சுவருக்கு முன் நின்றால் கறுப்பு ஆடை உடலின் வெளிக்கோட்டைக் கூர்மையாக வெட்டிக் காட்டும். கருநீலம், அடர் சாம்பல், அடர் பச்சை ஆகியவை அதே பலனை மென்மையாகத் தரும். பலரின் முகத்துக்கும் கறுப்பைவிட நன்றாகப் பொருந்தும்.

மார்பில் சதை இருப்பதால் டி-ஷர்ட் போடவே கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூச்சத்தோடு வாழ்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். குனிந்து, தோளை முன்னுக்கு வளைத்து மறைக்கும் பழக்கம் பலருக்கும் வந்துவிடுகிறது. அதனால் சட்டை மார்பில் இன்னும் மடிந்து நிற்கும். கனமான துணியில், இருண்ட நிறத்தில், மார்பு அளவைவிட 5 அல்லது 6 அங்குலம் தளர்வான சட்டை அணியுங்கள். இரு பக்கமும் பை வைத்த சட்டை நல்ல தேர்வு. பையின் இரட்டைத் துணி அந்த இடத்தைச் சமமாக்கிவிடும். டி-ஷர்ட் போட ஆசை என்றால் 200 கிராமுக்கு மேற்பட்ட துணியில் வாங்கி, மேலே பொத்தான் திறந்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மார்பில் வலியோ கட்டியோ இருந்தாலும், திடீரென்று வீக்கம் வந்திருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுத்து குட்டை, முகம் அகலம். எந்தக் காலர்?

நுனிகள் கீழ்நோக்கி இறங்கும், அதிகம் விரியாத காலர். மேல் பொத்தானைத் திறந்து விட்டால் கழுத்து இன்னும் நீளும். நீண்ட, மெலிந்த கழுத்துக்கு இதற்கு நேர்மாறாக, உயரமான பட்டியுள்ள, நுனிகள் விரிந்த காலர் வேண்டும். பொத்தான் போட்ட காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

எடை குறைத்த பிறகு நல்ல ஆடை வாங்கலாம் என்று காத்திருக்கிறேன். சரியா?

சரியில்லை என்று அழுத்தமாகச் சொல்வேன். இன்று இருக்கும் உடம்போடுதான் வேலைக்குப் போகிறீர்கள், உறவினர்களைப் பார்க்கிறீர்கள், புகைப்படத்தில் நிற்கிறீர்கள். பொருந்தாத பழைய ஆடையைத் தண்டனையைப் போலச் சுமக்க வேண்டியதில்லை. நிறைய வாங்க வேண்டாம். இப்போதைய அளவில் இரண்டு பேன்ட், மூன்று சட்டை போதும். பின்னால் உடல் இளைத்தால் பேன்ட்டின் இடுப்பையும் சட்டையின் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளலாம். பருத்தாலும் வழி இருக்க வேண்டும் என்றால், வாங்கும்போது பேன்ட்டின் பின்பக்க நடுத்தையலைப் புரட்டிப் பார்த்து, உள்ளே துணி மிச்சம் விட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது அளவு மாறிப்போகிறது. என்ன செய்வது?

எம், எல், எக்ஸ்எல் என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள், தோள் தையலிலிருந்து தோள் தையல், காலருக்குக் கீழிருந்து விளிம்பு என்று மூன்று அளவு எடுங்கள். பேன்ட்டில் இடுப்பு, முன் ரைஸ், தொடை, பாட்டம் (கால் விளிம்பின் அகலம்), உள் கால் நீளம். இவற்றைக் கைபேசியில் குறித்துவைத்து, விற்பனைப் பக்கத்தில் உள்ள ஆடை அளவோடு ஒப்பிடுங்கள். சில பக்கங்களில் உடல் அளவு தருவார்கள், சிலவற்றில் ஆடையின் அளவு. எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பே சுருக்கப்படாத பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். 28 அங்குல நீளச் சட்டையில் அது ஏறத்தாழ 0.8 முதல் 1.4 அங்குலம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

கண்ணாடி முன் விறைப்பாக நிற்பது சோதனை ஆகாது. உட்காருங்கள், வயிற்றுப் பொத்தான்களுக்கு நடுவே இடைவெளி திறக்கிறதா, பேன்ட் தொடையில் இழுக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகு பிடிக்கக் கூடாது. நின்றபடி பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். முன்னும் பின்னும் விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் தூக்கியிருந்தால் வயிற்றுக்கு நீளம் போதவில்லை என்று பொருள். பேன்ட்டின் பைகள் காதுபோல வெளியே விரிந்து நின்றால் சீட் இறுக்கம். ஒரு தோள் மட்டும் மடிகிறது என்றால் கவலை வேண்டாம். ஒரு தோள் சற்று இறங்கியிருப்பது மிகச் சாதாரணம். கோட்டாக இருந்தால் அந்தப் பக்கம் மெல்லிய பேட் வைத்து மட்டமாக்கித் தரச் சொல்லுங்கள். போகிற இடத்துக்கு அணியும் காலணியையே போட்டுக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். பேன்ட்டின் நீளத்தை அதை வைத்துத்தான் குறிக்க முடியும்.